மைதா பாக்கெட்டில் கோதுமைக் கதிர்

பாஞ்சாலைக்குக் கோபம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும், கை வேகம் பிடிக்கும். அந்தச் சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கெல்லாம் மலை ரிசார்ட்டின் சமையலறைப் பின்பக்கத்தில் அவள் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள் மூன்று வரிசை ஆகிவிட்டன. பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்த சின்னக்குழந்தை என்ற பெண் அவளை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"யக்கா, அந்தச் சட்டி உனக்கு இன்னா துரோகம் பண்ணிச்சு? ஓட்டை வுழுந்துடப் போவுது."

பாஞ்சாலையின் கண் சமையல் மேடையில் இருந்தது. அங்கே தங்கவேல் மாஸ்டர் மைதாவைத் தண்ணீரில் கரைத்து அடுப்பில் காய்ச்சிக்கொண்டிருந்தார். சுவரொட்டி ஒட்டும் பசைபோல் ஆனதும் அதை எடுத்து, ஆறவைத்திருந்த சாமைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். பிசைந்த சோற்றைக் கறுப்பான கடற்பாசித் தாளில் பரப்பி, நடுவில் வெள்ளரிக்காயும் மாங்காயும் கேரட்டும் வைத்து, மூங்கில் பாயால் சுருட்டி, வில்லை வில்லையாக வெட்டினார். ஒரு வில்லைகூட உதிரவில்லை. மாஸ்டருக்கு அதில் பெருமை.

சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் கரும்பலகை மாட்டியிருந்தது. அதில் சாக்கட்டியால் பெரிதாக எழுதியிருந்தார்கள்: 'கோதுமை கலக்காத மலைச் சாமை சுஷி'.

பெங்களூரில் இருந்த முதலாளியின் யோசனை அது. மலைக்கு வருகிறவர்கள் மலைத் தானியம் கேட்கிறார்கள். கோதுமை ஆகாதவர்களும் வருகிறார்கள். இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் வைத்துவிடலாம் என்று போனில் சொன்னார். சென்னையிலிருந்து ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கி, பிசுபிசுப்பான ஜப்பான் அரிசியில் சுஷி செய்யச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த அரிசி தீர்ந்து சாமைக்கு மாறியபோதுதான் வம்பு தொடங்கியது. சாமை பூப்பூவாக உதிரும் தானியம். கத்தி பட்டதும் சுருள் பிளந்து, தட்டு முழுக்கச் சோறாய்க் கொட்டியது. கல்யாண வீடுகளில் கட்லெட் உதிராமல் இருக்க என்ன செய்வாரோ அதையே மாஸ்டர் இதற்கும் செய்தார்.

மூன்று வாரத்துக்கு முன்பு, முதல் நாள் அதைப் பார்த்தபோதே பாஞ்சாலை கிட்டப்போய் நின்றாள். அவள் நிற்பதை மாஸ்டர் கவனிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

"மாஸ்டர்... மைதா கோதுமைதானே?"

"யார் சொன்னது? மைதா மரவள்ளிக் கிழங்கு மாவும்மா. சேலம் பக்கம் ஆலை ஆலையா அரைக்கிறான். கோதுமை செவப்பு, மைதா வெள்ளை. கண்ணு தெரியலையா உனக்கு?"

பாஞ்சாலை குப்பைக்கூடையிலிருந்து காலி மைதா பாக்கெட்டை எடுத்து நீட்டினாள். அதில் மஞ்சள் நிறத்தில் கதிர் படம் இருந்தது. நீள நீளமாய் மீசை வைத்த கோதுமைக் கதிர்.

மாஸ்டர் சிரித்தார். "சோப்புலகூட ரோஜாப்பூ படம் போட்டிருக்கான். உள்ள ரோஜாவா இருக்குது? போ, போய்ப் பாத்திரத்தைப் பாரு."

மாஸ்டர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே அப்படி நம்பினார். அதுதான் பாஞ்சாலைக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தெரிந்து செய்கிறவனைத் திட்டலாம். தெரியாதவர் சிரிக்கும்போது என்ன செய்வது? அவள் அந்தப் பாக்கெட்டைக் கழுவித் துடைத்து, நாலாக மடித்துத் தன் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை.

மைதா எது, ரவை எது என்று பாஞ்சாலை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் வயிறு சொல்லித் தெரிந்துகொண்டது.

மலைமேல் புதூர்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊர் அவளுக்கு. ஆறாம் வகுப்புக்கு அடிவாரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். காலையில் ரவை உப்புமா, ராத்திரி சப்பாத்தி. பத்து நாளில் வயிறு உப்பிக்கொள்ளும், கழிச்சல் நிற்காது, கை கால் குச்சியாகும். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து சாமைச் சோறும் கீரையும் தின்றால் ஒரு வாரத்தில் தேறிவிடுவாள். திரும்பப் போனால் மறுபடியும் அதே கதை. விடுதி அம்மாள் மற்றப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "இவளுக்கு வயித்துவலி இல்லை, படிப்புவலி. வூட்டுக்கு ஓடணும், அதுக்கு நடிப்பு."

பிள்ளைகள் சிரித்தார்கள். பாஞ்சாலை தட்டிலிருந்த உப்புமாவைப் பார்த்தபடி நின்றாள். சாப்பிடாவிட்டால் அடி, சாப்பிட்டால் நோவு. எட்டாம் வகுப்பு பாதியில் அப்பன் முனியன் வந்து பெட்டியோடு அழைத்துப் போனார். "படிக்க இஷ்டமில்லைன்னா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று ஜீப்பில் ஒரே ஒரு முறை சொன்னார். இஷ்டமில்லை என்று அவள் சொல்லவே இல்லை. கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்தவள் அவள்.

பத்தொன்பது வயதில் ஜீப் ஓட்டுகிற ராஜாக்கண்ணுவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அவனுக்குப் பெண்டாட்டிமேல் ஆசை அதிகம். கீழே சவாரி போய்விட்டு வரும்போதெல்லாம் பரோட்டா, பன், பிஸ்கட் என்று வாங்கி வந்தான். அவன் வாங்கி வந்ததை வேண்டாம் என்று தள்ள அவளுக்கு மனசு வரவில்லை. இரண்டு தரம் கரு தங்கவில்லை. எடை முப்பத்தைந்து கிலோவுக்கு இறங்கியது. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று மாமியார் ஆடு வெட்டினாள். பூசாரி வேப்பிலையால் அடித்தார். அந்தப் பூசையன்றும் வந்தவர்களுக்கெல்லாம் கேசரிதான். அவளுக்கு இரண்டு கரண்டி.

இருபத்தெட்டு வயதில் வேலூரில் ஒரு டாக்டரம்மா, "உடம்பு நல்லா இருக்கற நாள்ல இன்னா சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. ரத்தம் எடுத்தார்கள், வாய்வழியே குழாய் விட்டுப் பார்த்தார்கள். கோதுமையில் இருக்கிற ஒரு சத்து அவள் குடலைக் கொஞ்சம் கொஞ்சமாய் அரித்து வைத்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. கோதுமை, ரவை, மைதா, சேமியா, பார்லி எதுவும் கூடாது. ஒரு சிட்டிகையும் கூடாது. அது ஆயுசுக்கும்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தாள். நோயைச் சொல்லிவிட்டார்களே என்று அழுவாள் என நினைத்து ராஜாக்கண்ணு தோளைத் தொட்டான். அவள் அழவில்லை. "நான் நடிக்கலை" என்றாள். யாரிடம் சொல்கிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

அதன்பிறகு உடம்பு தேறியது, பெண் குழந்தை ஒன்றும் பிறந்தது. ஆனால் அவள் பார்வை மாறிவிட்டது. எதையும் உற்றுப் பார்க்கிறவள் ஆனாள். மாவு மிஷினுக்குப் போனால், "இதுக்கு முன்னாடி இன்னா அரைச்சீங்க?" என்று கேட்பாள். கோதுமை என்றால் தூக்கிய மூட்டையோடு திரும்பிவிடுவாள். பெருங்காய டப்பாவிலும் கோதுமை மாவு சேர்க்கிறார்கள் என்று இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டிப் படித்துக் கண்டுபிடித்தாள். ரிசார்ட் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து மதியத்துக்குத் தன் தூக்கில் சாமைச் சோறு கொண்டுவந்து, தன் தட்டில் தனியாகச் சாப்பிட்டாள். "மகாராணிக்குத் தனிச் சமையல்" என்று மாஸ்டர் கேலி பேசுவார். பேசட்டும் என்று விட்டிருந்தாள்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு ஐந்து பேர் காரில் வந்து இறங்கினார்கள். சென்னையில் ஒரே ஆபீசில் வேலை செய்கிறவர்கள். கரும்பலகையைப் பார்த்ததும் அவர்களில் ஒல்லியான பெண் ஒருத்தி நின்றுவிட்டாள். மற்றவர்கள் அவளை அருணா என்று கூப்பிட்டார்கள். மேனேஜர் ராஜ்குமாரிடம் அவள் மெதுவான குரலில் கேட்கத் தொடங்கினாள். சாப்பாட்டுக் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே தட்டு நீட்டுகிற ஜன்னல் ஒன்று உண்டு. அதன் வழியே எல்லாம் பாஞ்சாலை காதில் விழுந்தது.

"சார், சோறு வெறும் சாமைதானா? வினிகர் எது போடறீங்க? மீன் மாவுல பண்ற நண்டுக் குச்சி ஏதாவது வைப்பீங்களா? அதுல கோதுமை இருக்கும். பொரிச்ச தூள் மேல தூவுவீங்களா? வெட்டற கத்தி, பலகை தனியா இருக்கா? சோயா சாஸ் எனக்கு வேணாம், அதுலயும் கோதுமை. கோதுமை இல்லாத சாஸ் நானே வச்சிருக்கேன்."

கைப்பையிலிருந்து விரல் நீளப் புட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

பாஞ்சாலையின் கை பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. தன்னைப்போல் இன்னொரு ஆளை அவள் இதுவரை பார்த்ததே இல்லை. அந்தக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் எத்தனை நாள் கழிச்சல், எத்தனை நாள் படுக்கை இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"மேடம், ஹண்ட்ரட் பர்சென்ட் கியாரண்டி" என்றார் ராஜ்குமார். "எங்க மலைச் சாமை. கலப்படமே கிடையாது."

"ஆரம்பிச்சுட்டா" என்றான் உடன் வந்தவர்களில் ஒருவன். "போன தடவை பர்த்டே கேக்குக்கும் இப்படித்தான் விசாரணைக் கமிஷன் வச்சா. ஏன் அருணா, கொஞ்சம் தின்னா செத்தா போயிடுவே?"

எல்லோரும் சிரித்தார்கள். அருணாவும் சிரித்தாள். விடுதியில் தட்டோடு நின்றபோது தன் முகத்திலும் அப்படியொரு சிரிப்பு ஒட்டியிருந்தது பாஞ்சாலைக்கு ஞாபகம் வந்தது.

ராஜ்குமார் உள்ளே வந்ததும் வழியை மறித்து நின்றாள்.

"சார், அந்தப் பொண்ணுக்குக் குடுக்காதீங்க. மாஸ்டர் மைதா ஊத்திருக்காரு."

"தெரியும்."

"தெரியுமா?"

"மெல்லப் பேசு. ஒரு கரண்டிதானே? அஞ்சு பேருக்குப் பிரிஞ்சா ஆளுக்கு இன்னா வந்துடப் போவுது? இதெல்லாம் இளைக்கறதுக்காகப் பண்ற டயட்டும்மா. இன்டர்நெட்டுல பார்த்துட்டு வர்றாங்க."

"இளைக்கறதுக்கு இல்ல சார். எனக்கும் அதே நோவுதான்."

"உனக்கு நோவுன்னா ஊருக்கே நோவா? உன் வேலை பாத்திரம். அதைப் பாரு."

மாஸ்டர் மேடையிலிருந்தே குரல் கொடுத்தார். "இன்னாவாம் மகாராணிக்கு?"

"மைதாவாம்."

"அது கிழங்கு மாவுன்னு எத்தினி வாட்டி சொல்றது இவளுக்கு!"

"மாஸ்டர், சாமை நொய்யைக் கஞ்சி காச்சி ஊத்துங்க, அதுவே ஒட்டும்" என்றாள் பாஞ்சாலை. சாமையைத் தீட்டும்போது உடைந்து விழுகிற குருணைதான் நொய். மலையில் கைக்குழந்தைகளுக்கு அதைத்தான் கஞ்சி காய்ச்சுவார்கள். ஆறினால் கோந்துபோல் கரண்டியைப் பிடித்துக்கொள்ளும்.

"நொய் கோழிக்குப் போடறது. காசு குடுத்துச் சாப்பிட வர்றவங்களுக்குக் கோழித்தீனியா?" என்று மாஸ்டர் கடைசி வில்லையை அடுக்கித் தட்டை ஜன்னலில் வைத்தார். பரிமாறுகிறவர் அதை எடுத்துப் போனார்.

பாஞ்சாலை கையைத் துடைத்துக்கொண்டு தன் பையைத் திறந்தாள். மடித்து வைத்திருந்த மைதா பாக்கெட்டை எடுத்தாள். "யக்கா, வாணாம்யா" என்று சின்னக்குழந்தை முந்தானையைப் பிடித்தாள். பாஞ்சாலை இழுத்துக்கொண்டு நடந்தாள். மூன்று வருட வேலையில் விருந்தாளிகள் சாப்பிடும்போது அவள் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்ததே இல்லை. அவர்கள் எழுந்து போனபிறகுதான் துடைக்கப் போவாள்.

மேசையில் அருணா தன் புட்டியிலிருந்து சாஸை ஊற்றி, ஒரு வில்லையை எடுத்து அதில் தொட்டுவிட்டாள். கை வாயை நோக்கிப் போனது.

"சாப்டாதே!"

தன் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று பாஞ்சாலைக்கே தெரியாது. நாலு மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டின் பக்கத்தில் வைத்து, கதிர் படத்தின்மேல் விரலை அழுத்தினாள்.

"இது உள்ள கலந்திருக்கு. சோறு ஒட்டறதுக்கு ஊத்தியிருக்காங்க. கோதுமைதான் இது. எனக்கும் ஆகாது. எனக்குத் தெரியும்."

அருணா வில்லையைக் கீழே வைத்தாள். பாக்கெட்டைப் பார்த்தாள். பின்பு பாஞ்சாலையை நிமிர்ந்து பார்த்தாள். அருணாவின் கண் கலங்கியது.

ராஜ்குமார் ஓடி வந்தார். "சாரி மேடம், இவங்க பாத்திரம் கழுவறவங்க, ஒண்ணும் தெரியாது..."

"அவங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கு" என்றாள் அருணா. "நான் அத்தனை கேள்வி கேட்டேனே சார். ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினீங்களே. நாளைக்குப் பூரா நான் பாத்ரூம்ல கிடந்திருப்பேன். குடல் ஆற ஆறு மாசம் ஆகும். நீங்க வந்து பார்ப்பீங்களா?"

கேலி பேசியவன் தண்ணீர் டம்ளரை எடுத்து எடுத்து வைத்தான். "வேற ஏதாவது சாப்பிடலாம் அருணா, சிப்ஸ் இருக்கு" என்று முனகினான்.

"காலையிலேருந்து பட்டினி. போர்டைப் பார்த்து ஆசைப்பட்டுட்டேன். சுஷி சாப்பிட்டு ஏழு வருஷம் ஆச்சு."

பாஞ்சாலையால் அதற்குமேல் நிற்க முடியவில்லை. உள்ளே போனாள். சாமைச் சோறும் நொய்க்கஞ்சியும் அவள் தூக்கில் இருந்தன. அன்று காலை தன் குழந்தைக்குக் காய்ச்சியதில் மீந்த கஞ்சி. இரண்டையும் தன் தட்டில் கொட்டி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் பிசைந்தாள். பலகையைத் தொடவில்லை, மூங்கில் பாயையும் தொடவில்லை. அதன் இடுக்கெல்லாம் மைதா காய்ந்திருந்தது. பின்னால் போய் வாழையிலை ஒன்றை அறுத்து வந்தாள். பிரிக்காத கடற்பாசித் தாள் கட்டை ஜன்னல் வழியே நீட்டி, "படிச்சுப் பாரும்மா, இதுல ஏதாவது இருக்கா?" என்று கேட்டாள்.

அருணா எழுந்து வந்து திருப்பித் திருப்பிப் படித்தாள். "வெறும் பாசி, உப்பு. இது சரிக்கா."

வினிகருக்குப் பதில் எலுமிச்சம்பழம் பிழிந்தாள். புது வெள்ளரிக்காயைக் கழுவி, சாப்பாட்டுப் பையில் வைத்திருந்த தன் சொந்தக் கத்தியால் தன் தட்டிலேயே நறுக்கினாள். இலைமேல் பாசித் தாளைப் பரப்பி, சோற்றையும் வெள்ளரியையும் வைத்துச் சுருட்டி, அதே கத்தியால் வெட்டினாள். ஒரு பக்கம் பருத்து, ஒரு பக்கம் சூம்பி, பார்க்க லட்சணமாகவே இல்லை. ஆனால் உதிரவில்லை. மாஸ்டர் இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தபடி நின்றார்.

அருணா ஜன்னல் அருகிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டாள். எட்டு வில்லைகளையும், ஒன்றும் மிச்சம் வைக்காமல். "அக்கா, உங்க சாப்பாடுதானே இது? நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

"வூட்டுக்குப் போய் சாப்பிட்டுக்கறேன். சீக்கிரம்தான் போவேன் இன்னைக்கு" என்றாள் பாஞ்சாலை.

அவள் சொன்னது சரியாகத்தான் இருந்தது. கார் கிளம்பியதும் ராஜ்குமார் வந்தார். "நாளையிலேருந்து வராதே. விருந்தாளிங்க முன்னாடி ரிசார்ட் மானத்தை வாங்கிட்டே."

"மானமா?" என்றாள் பாஞ்சாலை.

மாஸ்டர் பாக்கெட்டைக் கையில் வைத்திருந்தார். மேசையிலிருந்து எடுத்து வந்திருக்கிறார். "என்கிட்ட தனியா வந்து சொல்லியிருக்கலாம் நீ. எல்லார் முன்னாடியும் என்னைத் தலைகுனிய வச்சிட்டே" என்றார்.

"தனியாத்தான் சொன்னேன். சிரிச்சீங்க."

நனைந்த துணியை எடுத்துக்கொண்டு பாஞ்சாலை கூடத்து வாசலுக்குப் போனாள். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். கரும்பலகையில் முதல் இரண்டு வார்த்தைகளை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். சாக்கட்டித் தண்ணீர் முழங்கை வழியே ஒழுகியது. இப்போது 'மலைச் சாமை சுஷி' என்று மட்டும் இருந்தது. "யேய், இறங்கு" என்று ராஜ்குமார் கத்தினார். அவள் இறங்கினாள், துணியை அவர் கையில் கொடுத்தாள்.

"மறுபடி எழுதறதுன்னா, மைதாவை நிறுத்திட்டு எழுதுங்க. அந்தப் பொண்ணு உங்க போர்டை போட்டோ எடுத்துட்டுத்தான் போயிருக்கு."

வளைவில் ராஜாக்கண்ணுவின் ஜீப் நின்றிருந்தது. காலித் தூக்கோடு நடுமதியத்தில் பெண்டாட்டி வருவதைப் பார்த்ததும் இறங்கி வந்தான்.

"இன்னாம்மே, இந்நேரத்துல? உடம்புக்கு எதுனாவா?"

"வேலை போச்சு."

"ஏன்? இன்னா பண்ணே?"

"பேசினேன்."

"யாரு, நீயா?" அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "யாரை?"

"எல்லாரையும்தான். இன்னும் ஒருத்தி பாக்கி இருக்கா. அந்த விடுதி அம்மா இப்ப எந்த ஊர்ல இருக்காங்கன்னு கீழ விசாரிக்க முடியுமா மாமா?"

ஜீப்பில் ஏறி உட்கார்ந்ததும் ராஜாக்கண்ணு சாவியைத் திருகாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான். "விசாரிக்கலாம்" என்றான். "விசாரிச்சு?"

"போய்ச் சொல்லணும், நான் நடிக்கலைன்னு."

கோபத்தில் தூக்கின் மூடியை அவள் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் வேறு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.